மிச்சம் அடுத்த வகுப்பில்

அந்த டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது என்னுடைய பழைய வேட்டிதான். யாரும் ஏடாகூடமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு சவுதியில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். திரை வாங்கித் தர மறந்துவிட்டார்கள். சுவரெல்லாம் உப்புக்காற்றில் பொரிந்து கிடக்கும். அதில் படம் காட்டினால் எந்த மிருகமும் அம்மை போட்ட மாதிரி இருக்கும். "அய்யா, வீட்டுல நல்ல வெள்ள வேட்டி ஒன்னு சும்மா கெடக்குமா?" என்று டீச்சர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை போட்ட வேட்டி. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் எரிமலையைப் பார்த்தாலும் திமிங்கலத்தைப் பார்த்தாலும் பச்சைக் கரையோடுதான் பார்த்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பரீட்சையில் இருதயத்தை அழகாக வரைந்து, அதற்குக் கீழே மறக்காமல் ஒரு பச்சைக் கோடும் போட்டு வைத்திருந்தான்.

நான் அங்கே தமிழாசிரியர். டீச்சர் அறிவியல். ராமநாதபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் இருவரும் வருவோம். அவர் கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் பிறந்து வளர்ந்தவர். கடலைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகுதான் என்பார். அதனாலோ என்னவோ, அதைப் பார்த்து அவருக்கு அலுத்ததே இல்லை. பஸ் கடற்கரை ஓரமாகத் திரும்பும்போது பேச்சை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். அப்படி விட்ட பேச்சை மறுபடி எடுக்கமாட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அம்மாவிடம் நான் பட்ட பாடு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

எந்தப் படத்தையும் அவர் கடைசிவரை ஓடவிட மாட்டார். அதுதான் அவருடைய குணம்.

பள்ளிக்கூடத்தில் டவர் கிடைக்காது. கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த்தொட்டி ஏணியின் உச்சி. அதில் சேலையோடு ஏற முடியாது என்பதால், ராமநாதபுரம் பஸ் நிலையத்திலேயே நின்று போனில் படங்களை இறக்கிக்கொண்டு வருவார். இதனால் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களும் உண்டு. இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுவந்த படத்தைப் பாதியிலேயே நிறுத்துவார். நண்டு பழைய ஓட்டைக் கழற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வரும். ஒரு கால் வந்துவிட்டது, இன்னொரு கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் டீச்சரின் கட்டைவிரல் போய் அமுக்கிவிடும். படம் அப்படியே உறைந்து நிற்கும். "இப்ப என்ன ஆகும்?" என்பார். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். "ஏலே, காலு பிஞ்சுரும்டா." "பிய்யாது, எங்க மச்சான் வலையில கண்டுருக்காரு." மணி அடிக்கும். டீச்சர் வயரைச் சுருட்டுவார். "மிச்சம் உங்ககிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நிப்பாட்டு டீச்சர். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் கரும்பலகையில் யாரோ எழுதி வைத்திருந்ததை அழிக்காமல், பக்கத்தில் தேதியை மட்டும் போட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

எனக்கு இந்தப் படங்காட்டும் வேலையில் பெரிய மரியாதை கிடையாது. சாக்பீசும் தொண்டையும் போதும் என்கிற கட்சி நான். தவிரவும் எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் தட்டிதான். நான் உருகி உருகிச் செய்யுள் நடத்திக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் நண்டுக்காக அடிதடி நடக்கும். என் வகுப்புப் பிள்ளைகளின் காதெல்லாம் தட்டியில்தான் இருக்கும். ஒருமுறை கடுப்பில் கேட்டேவிட்டேன், ஒழுங்காக முழுப்படத்தையும் காட்டி முடித்தால் என்ன என்று.

"ஓடுற படத்தப் பாத்தா வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்துருக்குதுக அய்யா. நின்ன படத்தப் பாத்தாத்தான் வாயத் தெறக்குதுக" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் அவர் இப்படித்தான். பஸ்ஸில் சினிமா போடுவார்கள். வில்லன் கதாநாயகியைக் கட்டிவைத்துவிட்டு வசனம் பேசுகிற நேரத்தில் பள்ளிக்கூடத்து நிறுத்தம் வந்துவிடும். எனக்கு இறங்கவே மனம் வராது. டீச்சர் டிபன் பையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இறங்குவார். தன் தம்பி கல்யாணத்தில் பெண் வீட்டாரோடு நடந்த தகராறை ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பந்தலை விட்டு எழுந்துவிட்டான் என்கிற இடத்தில் மணி அடித்தது. எழுந்து போய்விட்டார். அந்தத் தம்பி திரும்பி வந்து தாலி கட்டினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "நீங்க என்ன நெனைக்கிறீக அய்யா?" என்பார். வயதில் மூத்தவன் என்கிற மரியாதைக்குக் கூடச் சொல்லமாட்டார்.

ஆமைப் படம் போட்டபோது பிரச்சினை வீதிக்கு வந்தது. குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு வெளியே வந்து கடலைப் பார்த்து ஓடுகின்றன. மேலே பறவைகள் வட்டமிடுகின்றன. டீச்சர் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் ஒரு பையனின் தாய் மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேரே உள்ளே வந்தார்.

"டீச்சர், அந்தக் குஞ்சு கடலுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லிருங்க. எம்மவன் நேத்துலேர்ந்து சோறு திங்கல."

"நீங்க என்னக்கா நெனைக்கிறீக?"

சண்டைக்கு வந்த அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். காக்காய் இருக்கும், நண்டு இழுக்கும், நாய் வேறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு, "ஒன்னு ரெண்டாச்சும் சேந்துருக்கும் டீச்சர். இல்லாட்டி இப்பக் கடல்ல ஆமை எங்கேர்ந்து வருது" என்றார். டீச்சர் தலையாட்டினார். "இத அப்பிடியே அவன்ட்ட சொல்லுங்க."

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, நின்றுபோன படத்தைப் பார்த்துவிட்டு மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து, எழுந்து போய் வயரை ஆட்டிப் பார்த்தார். "கெட்டுப்போகல சார், நான்தான் நிப்பாட்டுனேன்" என்றார் டீச்சர். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. படங்களை முழுமையாகக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். டீச்சரும் சரி என்று அடுத்த வாரம் முழுவதும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓடவிட்டார். என் பக்கம் நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தியது, "நிப்பாட்டுங்க டீச்சர்" என்று. திங்கட்கிழமை பழையபடி ஆனது. எனக்கும் உள்ளூரச் சந்தோஷந்தான்.

இனி ஜமீலாவின் விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

எங்களுடையது எட்டாம் வகுப்புவரை உள்ள பள்ளி. ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போக வேண்டும். ஆண்டுதோறும் அந்த பஸ்ஸில் ஏறாமலே சில பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஜமீலா என் வகுப்பில் வாய் ஓயாத பிள்ளை. செய்யுளில் எந்த வரியைச் சொன்னாலும் "ஏன் அய்யா?" என்று கேட்கும். அதனுடைய வாப்பா சவுதியில் ஒரு கடையில் வேலை. பிள்ளை பிறந்தபோதும் அங்கேதான், பள்ளியில் சேர்த்தபோதும் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். எட்டாம் வகுப்பு முடியப்போகிற சமயத்தில் ஜமீலாவின் உம்மா வந்து சொன்னார். "அவுக வாப்பா எட்டாவதோட போதும்னுட்டாக அய்யா. பஸ்ஸுல போயி வரணும், பொழுது சாஞ்சுரும். நானும் ஊர்ல இல்ல, ஒன்னுன்னா யாரு ஓடுவாங்கிறாக. தப்பா நெனைக்காதிய."

நான் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்கல்வியைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. டீயும் சம்சாவும் கொடுத்தார்கள். சம்சா நன்றாக இருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

டீச்சர் யார் வீட்டுக்கும் போகவில்லை. அந்த வாரம் எட்டாம் வகுப்புக்குக் கடல் குதிரைப் படத்தைப் போட்டார். நானும் தட்டியோரம் போய் நின்று பார்த்தேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் குதிரை புதிதல்ல. வலையில் பாசியோடு சேர்ந்து வரும். ஆனால் ஆண் குதிரையின் வயிற்றில் ஒரு பை இருக்கிறது, பெண் குதிரை முட்டைகளை அதில் இட்டுவிட்டுப் போய்விடும், பிள்ளையைச் சுமப்பது அப்பன்தான் என்பது யாருக்கும் தெரியாது. பையன்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் பையன்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வயிறு பெருத்து, அந்தக் குதிரை ஒரு புல்லை வாலால் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. என் வேட்டியின் பச்சைக் கரைக்கு மேலே.

நிறுத்திவிட்டார்.

"இந்த அப்பன் இம்புட்டு நாளு சொமக்குதுல்ல. பெத்து வெளிய விட்ட பெறகு, அது தம் புள்ளைகளத் தேடுமா?"

சத்தம் நின்றுவிட்டது. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு வாப்பாவோ அண்ணனோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள். டீச்சர் அதை நினைத்துத்தான் கேட்டாரா, வாயில் வந்ததைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஜமீலாதான் முதலில் பேசியது. "மிச்சம் எங்ககிட்ட இருக்கா டீச்சர்?"

"இல்ல. இந்தத் தடவ மிச்சம் ஒன்பதாவதுல இருக்கு."

மதியம் நான் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கடல் குதிரை எங்கேயும் இல்லை. விடுவேனா, கொண்டுபோய் முன்னால் வைத்தேன். "புத்தகத்துல இல்லய்யா. ஒன்பதாவதுலதான் இருக்கு. போனாத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு மோர்ச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் ஜமீலாவின் உம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஜமீலா. பிள்ளை அந்தப் படத்தின் மிச்சத்தைக் கேட்டு நச்சரித்ததாம். வாப்பாவிடம் சொல்லி அழுததாம். அவர் அங்கே தேடிக் கண்டுபிடித்து முழுப் படத்தையும் அனுப்பிவிட்டாராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரின் வித்தை இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

"அவுக ஒங்கக்கூடப் பேசணுங்கிறாக டீச்சர். லைன்ல இருக்காக."

எந்தப் புண்ணியத்திலோ அன்று வாசலில் ஒரு கோடு டவர் எட்டிப் பார்த்தது, வீடியோ காலில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி. சலாம் சொன்னார். கொஞ்சம் தயங்கினார்.

"படத்த முழுசாப் பாத்துட்டேன் டீச்சர். ரெண்டு தடவ பாத்தேன். குட்டிக வெளிய வருது, அத்தோட முடிஞ்சுருது. நீங்க கேட்டது அதுல இல்லியே."

"ஆமாண்ணே. அதுல இல்ல."

"அப்ப அதுக்குப் பதிலு?"

"அத ஜமீலா படிச்சு உங்களுக்குச் சொல்லணும்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டவர் போய்விட்டது. வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி, அவர் முகம் அப்படியே நின்றது. உம்மா போனைத் தட்டினார். ஜமீலா எட்டி எட்டிப் பார்த்தது. டீச்சரைப் பார்த்தேன். எத்தனையோ படங்களைச் சிரித்துக்கொண்டே நிறுத்திய அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தண்ணீர்த்தொட்டியைப் பார்த்து ஓடினார். செருப்பை உதறிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்து பார்த்தார்கள். உச்சியில் நின்றுகொண்டு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

அங்கிருந்து ஜமீலாவின் வாப்பா குரல் கீழே நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. கரகரவென்று, விட்டு விட்டு.

"...கேக்குதா டீச்சர்? ஒன்பதாவதுக்கு பஸ்ஸு காலைல எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

உம்மா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

மாலை பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "உண்மையிலேயே தேடுமா டீச்சர், அந்தக் குதிரை?"

டீச்சர் அன்று ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஏணியில் உரசிப் புறங்கை தோல் வழன்றிருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"தேடாது அய்யா. பெத்துப் போட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிரும். தம் புள்ளையின்னே அதுக்குத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "அந்த மனுசன் ரெண்டு தடவ பாத்தேன்னாரே. நான் வேற ஏதாச்சும் கேட்டுருக்கலாம்" என்றார்.

அவரிடமிருந்து நான் கேட்டு முழுசாக வந்த ஒரே பதில் அதுதான். அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்றிருந்தது.

அடுத்த வருடம் டீச்சர் தன் ஊர்ப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வழியனுப்பு விழாவில் பேச எழுந்தார். "ஒங்க எல்லார்ட்டயும் ஒன்னு சொல்லணும்னு இருந்தேன்" என்றார். எல்லோரும் காத்திருந்தோம். உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள், அழுதுகொண்டே. என் வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் தந்துவிட்டுப் போனார். அதை நான் கட்டவில்லை. பீரோவில் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றும் சில வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் யாரோ "தமிழய்யா" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் ஜமீலா. தோளில் பை, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. விலங்கியல் கடைசி வருடமாம்.

நலம் விசாரித்து முடித்ததும் அடக்க முடியாமல் கேட்டேன். "அந்தக் கடல் குதிரை விஷயம் உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"அது ஒன்பதாவதுலயே தெரிஞ்சுபோச்சே அய்யா. லைப்ரரியில ஒரு புக்குல பாத்தேன்."

"வாப்பாட்ட சொல்லிட்டியா?"

ஜமீலா தலையைக் குனிந்து பையின் ஜிப்பை இழுத்தது. "எப்பிடி அய்யா சொல்றது? போன் பண்ணுறப்பல்லாம் கேப்பாக, பதிலு கெடச்சுச்சாம்மான்னு. அது பத்தாவதுல வருது வாப்பான்னேன். பத்தாவது முடிஞ்சதும் பன்னெண்டாவதுலன்னேன். பெறகு காலேஜுலன்னேன். சரி, அப்பச் சேந்துக்கன்னுட்டாக."

"அவர் நம்புறாராக்கும்?"

"அன்னைக்கு அந்தப் படத்தையே தேடி அனுப்புனவுக. இத மட்டும் தேடிப் பாத்துருக்க மாட்டாகளா?" பிள்ளை சிரித்தது. "ஆனா கேக்குறத விடல அய்யா. ரமலானுக்கு ஊருக்கு வந்தாக. இனி போகலன்னுட்டாக. இப்பல்லாம் காலைல அவுகதான் வண்டியில கூட்டியாந்து பஸ்ஸு ஏத்தி விடுறாக. இன்னைக்கும் கேட்டாக."

"என்ன சொன்ன?"

"எம்எஸ்சியில இருக்கு வாப்பான்னேன்."

அதனுடைய பஸ் வந்துவிட்டது. கையை ஆட்டிக்கொண்டே ஓடிப்போய் ஏறிக்கொண்டது.

நான் பஸ் நிலையத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீச்சருக்குப் போன் போட்டேன். ஜமீலாவைப் பார்த்ததைச் சொன்னேன். அதன் வாப்பா இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கிறாராம் என்றேன். "அய்யய்யோ, அவ என்ன சொல்றாளாம்?" என்று பதறினார். எத்தனை வருடக் கணக்கு பாக்கி இருக்கிறது எனக்கு. பஸ் வந்துவிட்டது டீச்சர், மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

டீச்சர் விடவில்லை.

"அய்யா, வெளையாடாதிய. சொல்லிருங்க."

அந்தக் குரலைக் கேட்டபிறகு யாரால் விளையாட முடியும். ஒன்று விடாமல் சொன்னேன். பத்தாவது, பன்னிரண்டாவது, காலேஜு, எம்எஸ்சி. வாப்பா ஊருக்கு வந்துவிட்டதை, வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடுவதை, இன்றைக்குக் காலையிலும் கேட்டதை. சொல்லி முடித்தேன். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"டீச்சர்?"

"இன்னொருக்காச் சொல்லுங்கய்யா" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.